தீர்ப்பும் தீர்மானமும்: முசஃபாவிலிருந்து யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸை நோக்கி ஒரு மீள்பார்வை

அபுதாபித் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலங்களுள் ஒன்றைக் கடந்து சென்றால் முசஃபா தொடங்குகிறது. ‘எம்’ என்னும் எழுத்தோடு ஓர் எண்ணையும் சேர்த்துப் பெயரிடப்பட்ட பட்டறைப் பகுதிகள், பண்டகசாலைகள், துறைமுகம், தொழிலாளர் தங்குமிடங்கள் ஆகியன ஒருபுறம். ‘ஷாபியா’ என்றே எல்லோரும் வழங்கும் குடியிருப்புத் தொகுதிகள் மறுபுறம். தலைநகருக்குள் வில்லாக்களில் நடந்துவந்த தனியார் பள்ளிகளை மூடி, அவற்றைப் பள்ளிக்கெனவே எழுப்பிய கட்டடங்களுக்கு மாற்றும் கொள்கையை அபுதாபிக் கல்வி மன்றம் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடைமுறைப்படுத்தியது. அதன் பின்னர் முசஃபாவும் அதனை அடுத்த முகமது பின் சாயித் நகரும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் செறிந்த வட்டாரமாயின. காலையில் ஒரே சாலையில் பள்ளிப் பேருந்துகளும் தொழிலாளரை ஏற்றிச்செல்லும் பேருந்துகளும் வரிசையாக நிற்பதை இங்கு நாள்தோறும் காணலாம்.

இவ்வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் அரபு மொழியைப் பள்ளியில் கட்டாயமாகப் படிக்கின்றனர். ஏனைய பாடங்களை ஆங்கிலத்தில் பயில்கின்றனர். தமிழைப் பள்ளி இடந்தருமாயின் அங்கும், இல்லையேல் வார இறுதி வகுப்பிலோ வீட்டிலோ கற்கின்றனர். அவர்கள் பலர்முன் நின்று தமிழில் பேசும் வாய்ப்புப் பெரும்பாலும் விழா மேடையோடு முடிந்துவிடுகிறது. பொங்கல் விழாவிலும் சித்திரை விழாவிலும் பேச்சுப் போட்டி உண்டு, பட்டிமன்றம் உண்டு. வளைகுடாவெங்கும் தமிழ் அமைப்புகள் தமிழகத்திலிருந்து நடுவரையும் பேச்சாளரையும் வரவழைத்துப் பட்டிமன்றம் நடத்துவது நீண்டகால வழக்கம். பிள்ளைகளின் பட்டிமன்றமும் அதன் அச்சிலேயே வார்க்கப்படுகிறது: தலைப்பைப் பெரியவர் தருகிறார், அணியைப் பெரியவர் பிரிக்கிறார், உரையைப் பெற்றோர் எழுதித் தருகின்றனர், தீர்ப்பை நடுவர் வழங்குகிறார்.

பொதுப்பொருளைப் பற்றி ஒருவரோடொருவர் ஒத்தும் மறுத்தும் பேசும் குடிமைப் பழக்கத்தைக் கல்வியின் வழியே வளர்ப்பது எவ்வாறு என்னும் வினாவைப் புலம்பெயர் தமிழ்க் கல்வி பற்றிய கருத்தரங்குகள் அடிக்கடி எழுப்புகின்றன. அதற்கு விடையாகப் பட்டிமன்ற மரபையே சுட்டுவதும் வழக்கமாகிவிட்டது. தமிழ்க் கல்வி வரலாற்றில் இதற்கு நெருங்கிய முன்மாதிரி வேறிடத்தில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து. 1924இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய மாணவர் காங்கிரஸ் தீர்ப்புக் கேட்கக் கூடிய அவையன்று. தீர்மானம் செய்யக் கூடிய அவை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிதன்று. தீர்ப்பு வேறொருவர் வாயிலிருந்து வருவது. தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவரே பொறுப்பு.

பட்டிமண்டபமும் பட்டிமன்றமும்

பட்டிமண்டபம் என்னும் சொல் பழையது. மகத வேந்தன் சோழனுக்குத் தந்ததாகச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை பட்டிமண்டபம் ஒன்றைக் கூறுகிறது. மணிமேகலையிலும் பட்டிமண்டபம் உண்டு. ஆயினும் உரையாடலின் வரலாற்றை எழுதுவோர் அந்தச் சொல் வரும் இடத்தைவிட, வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக்கணக்கர் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கோட்பாட்டைக் கேட்கும் காதையையே கூர்ந்து பயிலல் தகும். அங்கே தலைவியின் முதன்மையான செயல் கேட்டல். வைதிகவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, பூதவாதி என ஒவ்வொருவரும் தம் அளவைகளைச் சொல்லி முடிக்கும்வரை அவள் கேட்கிறாள். அவள் தன் பெண்ணுருவை மறைத்து மாதவன் வடிவெடுத்தே அவ்வாறு கேட்க நேர்ந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அவையில் யார் எவ்வுருவில் அமரலாம் என்னும் வினா, உரையாடல் தொடங்கும் முன்னரே எழுந்துவிடுகிறது. கட்டுரையின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துப் பள்ளி வாங்குகளைப் பற்றிப் பேசும்போது இவ்வினா மீண்டும் வரும்.

இன்று நாம் அறிந்த பட்டிமன்றம் இருபதாம் நூற்றாண்டின் ஆக்கம். கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் நிறுவிய கம்பன் கழகத்தின் விழாக்கள் அதற்கு உருக்கொடுத்த களங்களுள் முதன்மையானவை. குன்றக்குடி அடிகளார் முதலியோர் நடுவராயிருந்து அதனை மக்கள் கலையாக்கினர். தொலைக்காட்சி அதனைப் பண்டிகைக் காலையின் ஒரு பகுதியாக்கியது. இலக்கியத்தை எழுத்தறியாதவர் செவிக்கும் கொண்டுசென்றது அதன் அரும்பணி. அதனைக் குறைத்து மதிப்பிடுவது இங்கு நோக்கமன்று. ஆனால் பேசுவோர் தமக்கு ஒதுக்கப்பட்ட அணியை விட்டு நகர முடியாது என்பது அதன் விதி. எதிரணியின் வாதத்தால் ஒருவர் மனம் மாறினால் அரங்கு கலைந்துவிடும்.

இதற்கு மாறான சொற்போரும் தமிழகத்துக் கல்வி நிலையங்களில் நிகழ்ந்ததுண்டு. 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் கம்பராமாயணம், பெரியபுராணம் ஆகியவற்றைப் பற்றி அறிஞர் அண்ணாவும் ரா. பி. சேதுப்பிள்ளையும் நேருக்கு நேர் வாதிட்டனர். அடுத்த மாதம் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு அதே வாதம் தொடர்ந்தது. நூல்களைக் கொளுத்தலாமா என்னும் கடுமையான வினாவைக் கல்லூரி மண்டபத்தில் எடுத்துப் பேச முடிந்தது என்பதே இன்று வியப்பைத் தருகிறது. எனினும் அங்கும் மாணவர் அவையோராகவே இருந்தனர். பேசுபொருளை வகுத்து, தலைவரைத் தேர்ந்து, முடிவெடுக்கும் உரிமை மாணவரும் இளம் ஆசிரியரும் சேர்ந்த ஓர் அவைக்கே இருந்த இடத்தைக் காணப் பாக்கு நீரிணையைக் கடக்க வேண்டும்.

வட்டுக்கோட்டையின் பின்புலம்

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி 1855இல் மூடப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குச் சற்றே மேற்பட்ட அக்காலத்தில் அது தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதவும் வாதிடவும் வல்ல ஒரு தலைமுறையை உருவாக்கியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அதன் மாணவர்களே. 1841 சனவரியில் வெளிவரத் தொடங்கிய உதயதாரகை இதழின் ஆசிரியர்களாக ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இரு செமினரி மாணவர் அமர்ந்தனர். பெயரைக் கண்டு வெள்ளையர் என மயங்க வேண்டா. இருவரும் யாழ்ப்பாணத் தமிழர். மிஷன் இதழாயினும், அச்சில் ஒருவர் எழுதியதற்கு மற்றொருவர் அச்சிலேயே மறுப்பெழுதும் பழக்கத்துக்கு யாழ்ப்பாணத்தில் வழிதிறந்தது அதுவே.

மறுபக்கத்தில் ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்க வரிசையைத் தொடங்கினார். மறு ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷனின் சமயவுரை வடிவத்தைச் சைவம் தன்வயமாக்கிக் கொண்ட தருணம் அது. பிரசங்கம் தமிழ் உரைநடைக்கும் மேடைத்தமிழுக்கும் அளித்த கொடை பெரிது. ஆனால் பிரசங்கத்தில் ஒருவர் பேச ஏனையோர் கேட்பர். இடைமறித்துக் கேட்கும் வினாவுக்கு அங்கு இடமில்லை. யாழ்ப்பாணத்துக் கல்வி இவ்விரு வடிவங்களையும் ஏற்றுக்கொண்டே இருபதாம் நூற்றாண்டுக்குள் நுழைந்தது. பிரசங்கியாரும் இருந்தார், மறுப்புரைக்காரரும் இருந்தார். கூடியிருந்து முடிவெடுக்கும் அவைதான் இல்லை.

1924: மாணவரே கூட்டிய அவை

அந்த இடத்தை நிரப்பியது 1924 இறுதியில் உருவான யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ். அதன் உயிர்நாடியாய் விளங்கியவர் ஹண்டி பேரின்பநாயகம் (1899–1977). மானிப்பாயில் பிறந்து, மூடப்பட்ட செமினரியின் வழித்தோன்றலான யாழ்ப்பாணக் கல்லூரியில் பயின்று, அங்கேயே ஆசிரியரானவர். பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தார். கிறித்தவக் குடும்பத்தவர் ஒருவர் இந்துக் கல்லூரிக்கு அதிபரானதே அக்காலத்துக்கு ஒரு செய்திதான். அவரோடு ஒறேற்றர் சி. சுப்பிரமணியம், கே. நேசையா முதலிய ஆசிரியர்கள் சேர்ந்தனர். இவர்கள் அனைவரும் பள்ளிக்கூடத்து மனிதர்கள் என்பதைக் கருத வேண்டும். அப்போது யாழ்ப்பாண அரசியல் நியாயவாதிகளின் கையில் இருந்தது. சட்டசபைக்கான வாக்குரிமை சொத்தும் படிப்பும் உடைய சிறுபான்மை ஆடவருக்கே உரியது. வாக்கில்லாத இளைஞர் பொது விவகாரத்தில் எங்ஙனம் பங்குகொள்வது என்ற வினாவுக்கு மாணவர் காங்கிரஸ் கண்ட விடை, ஓர் அவையைத் தாமே அமைத்துக்கொள்வது.

இந்திய தேசிய காங்கிரஸின் ஆண்டு மாநாட்டு வடிவத்தை அவர்கள் மேற்கொண்டனர். ஆண்டுதோறும் ஒரு தலைவர், தீர்மானங்கள், முன்மொழிவோர், வழிமொழிவோர், திருத்தம், வாக்கெடுப்பு. தேசிய ஒற்றுமை, சமய நல்லிணக்கம், தமிழ்மொழியின் மீட்சி, மதுவிலக்கு, சுதேசிப் பொருள், சாதி ஒழிப்பு ஆகியவை மீண்டும் மீண்டும் பேசப்பட்ட பொருள்கள். தமிழ் மாணவர் சிங்களம் கற்க வேண்டும் என்னும் கருத்தும் அவற்றுள் அடங்கும். 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்ததில் மாணவர் காங்கிரஸின் அழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. மாத இறுதியில் அவர் யாழ்ப்பாணத்தில் தங்கிக் கல்லூரி கல்லூரியாகச் சென்று பேசினார். காந்தி வருகையைப் பற்றிப் பலர் விரிவாக எழுதியுள்ளனர்; ஆதலால் இங்கு விரிக்கவில்லை. நம் பொருளுக்கு அதனினும் இன்றியமையாதது, அதற்கு ஓராண்டுக்கு முன் நடந்த வேறொரு கூட்டம்.

ஒவ்வாக் கருத்தை அழைத்துக் கேட்டல்

1926 ஜூலையில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க யாழ்ப்பாணத்துக்கு வந்து மாணவர் காங்கிரஸின் ஆதரவில் ஓர் உரை நிகழ்த்தினார். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து திரும்பி நெடுநாள் ஆகாத இளைஞர் அவர். இலங்கைக்கு ஏற்றது கூட்டாட்சி என்பது அவருடைய வாதம். தாழ்நாட்டுச் சிங்களர், கண்டிச் சிங்களர், தமிழர் எனப் பிரிந்து நிற்கும் தீவுக்கு ஒற்றையாட்சி பொருந்தாது என்று அவர் அதே ஆண்டில் இதழிலும் தொடர்ந்து எழுதினார்.

இக்கூட்டத்தின் சிறப்பு, அழைத்தவருக்கும் அழைக்கப்பட்டவருக்கும் கருத்து ஒவ்வாமையே. மாணவர் காங்கிரஸார் பிளவற்ற இலங்கைத் தேசியத்தை நம்பியவர்கள். இனவழிப் பிரதிநிதித்துவத்தை வெறுத்தவர்கள். கூட்டாட்சி அவர்களுடைய கொள்கையன்று. இருந்தும் அதனைச் சொல்ல வந்தவருக்கு மேடை தந்தனர், கேட்டனர், வினா எழுப்பினர். அவர்கள் மனம் மாறவில்லை. பேசியவரும் தம் கருத்தில் நீடிக்கவில்லை என்பதை வரலாறு கசப்போடு பதிவு செய்துள்ளது: முப்பது ஆண்டுகள் கழித்து, 1956இல், தலைமை அமைச்சராகச் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொணர்ந்தவர் அதே பண்டாரநாயக்க. அன்று ஒற்றையாட்சியை நம்பிய தமிழரின் அடுத்த தலைமுறை கூட்டாட்சி கேட்டு நின்றது. 1926ஆம் ஆண்டு உரையாடல் ஒரு பயனும் தரவில்லை என்று இதைக் கொண்டு சொல்லிவிடலாமா? அவ்வாறு சொல்வது எளிது. ஆனால் ஒரு நாட்டின் அரசமைப்பைப் பற்றிய இரு மாறுபட்ட கருத்துகள் பகைமையின்றி ஒரே அரங்கில் நின்ற அரிய பொழுதுகளுள் அது ஒன்று. அதனைக் கூட்டியது அரசும் அன்று, கட்சியும் அன்று, ஒரு மாணவர் அமைப்பு.

வாங்கில் அமர்தல்

உரையாடலைப் பற்றிய நம் ஆய்வுகள் பேச்சைப் பற்றியே பேசுகின்றன. இருக்கையைப் பற்றிப் பேசுவதில்லை. யாழ்ப்பாண அனுபவம் இருக்கையையே முதலில் வைக்கிறது.

அக்காலத்து யாழ்ப்பாணப் பள்ளிகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர இயலாது. தரையில் இருந்தனர், சில இடங்களில் வகுப்பறைக்கு வெளியே தாழ்வாரத்தில் இருந்து காதால் படித்தனர். ‘சம ஆசனம், சம போசனம்’ என்னும் இருசொற் கோரிக்கை 1920களின் பிற்பகுதியில் எழுந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒப்ப அமர வேண்டும் என்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்வித் திணைக்களம் வற்புறுத்தியபோது வைதிகர் மனுக்கள் எழுதினர், தூது சென்றனர், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினர். சில பள்ளிகள் தீக்கிரையாக்கப்பட்டன. ஒரு பிள்ளை வாங்கில் அமர்ந்தது என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே கொளுத்திய சமூகம் நம்முடையது. அப்போதைய மூத்த தலைவர் பலர் மௌனம் காத்தனர் அல்லது வைதிகரோடு நின்றனர். மாணவர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது.

அதன் நிலைப்பாட்டை வெறும் சீர்திருத்த ஆர்வமாகக் காண்பது போதாது. மாநாட்டில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்றால், வகுப்பறையில் ஒருவருக்கு ஓர் இடம் வேண்டும். தரையில் இருக்கும் பிள்ளை எழுந்து ‘நான் மறுக்கிறேன்’ என்று சொல்லும் வகுப்பறையை நாம் கற்பனையிலும் காண முடியாது. திறந்த உரையாடல் என்பது பாடத்திட்டத்தில் ஒரு பாடவேளையாகச் சேர்வதற்கு முன் அறையின் அமைப்பில் இடம்பெற வேண்டும் என்பதை அன்றைய ஆசிரியர்கள் உணர்ந்திருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வாங்கில் அமர்ந்து படித்த சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதையும், ஒடுக்கப்பட்டோர் தாமே அமைத்த இயக்கங்களின் குரல் மாணவர் காங்கிரஸின் குரலினும் முந்தியும் உரத்தும் ஒலித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1931: தீர்மானத்தின் விலை

இதுவரை சொன்னவை மாணவர் காங்கிரஸுக்குப் பெருமை சேர்ப்பவை. பின்னர் இளைஞர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அவ்வமைப்பின் மிகப் பெரிய தீர்மானம் இன்றளவும் விவாதத்துக்கு உரியது.

டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி இலங்கைக்கு 1931இல் புதிய அரசியல் யாப்பு வந்தது. 21 வயதடைந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வழங்கிய யாப்பு அது. அக்காலத்து ஆசிய நாடுகளில் அதற்கு ஒப்பானதைக் காண்பது அரிது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்றோர் வாக்குரிமை விரிவதையே எதிர்த்திருந்தனர். மாணவர் காங்கிரஸாரின் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது: யாப்பு முழுத் தன்னாட்சி தரவில்லை, ஆளுநரின் அதிகாரம் குறையவில்லை, ஆதலால் ஏற்பதற்கில்லை. கமலாதேவி சட்டோபாத்யாயா இந்தியாவிலிருந்து வந்து தலைமை தாங்கிய அவ்வாண்டு மாநாடு தேர்தலைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. வேட்புமனு நாளில் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய 4 தொகுதிகளுக்கும் ஒருவரும் மனுத்தாக்கல் செய்யவில்லை. ஆசிரியரும் மாணவரும் எடுத்த முடிவுக்குச் செல்வாக்குமிக்க நியாயவாதிகள் தலைவணங்க நேர்ந்தது. தெற்கில் அதனைப் பின்பற்றியோர் இல்லை. 1934வரை அவ்விடங்கள் வெறுமையாகவே கிடந்தன.

விளைவைக் கணக்கிட்டால், வாழ்நாளில் முதன்முறை வாக்குச் சீட்டைக் கையிலெடுக்க இருந்த பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் தம் உரிமையைப் பயன்படுத்த மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. மாநாட்டுப் பந்தலில் கை உயர்த்தியோருள் அவர்கள் எத்தனை பேர்? சம ஆசனத்துக்காகப் போராடிய அமைப்பே, சம வாக்கு வந்தபோது அதனை உடையோரிடம் கேளாமல் ஒதுக்கி வைத்தது. கொள்கைத் தெளிவு வேறு, அவையின் அகலம் வேறு. இந்நூற்றாண்டின் வாசகருக்கு மாணவர் காங்கிரஸ் கற்பிக்கும் பாடங்களுள் மிகக் கடினமானது இது. சாந்தசீலன் கதிர்காமர் உள்ளிட்டோர் புறக்கணிப்பின் இலட்சிய மேன்மையை எடுத்துக்காட்டியுள்ளனர். அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் தீர்மானம் எடுத்தோர் அதன் விலையைத் தாமே செலுத்தினரா, பிறர் செலுத்தினரா என்னும் வினா மிஞ்சுகிறது.

அதே யாப்பு விவாதத்தின் மற்றொரு மூலையில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் நிலை பேசப்பட்டது. அவர்களுக்கு வாக்குண்டா, எத்தனை ஆண்டு வாழ்ந்தால் உண்டு, நிலையாகத் தங்கும் எண்ணத்தை எங்ஙனம் மெய்ப்பிப்பது என்று நிபந்தனைகள் அடுக்கப்பட்டன. உழைக்க வந்தவர் ஊர்ப்பொதுவில் பேசத் தகுதி உடையவரா என்னும் அவ்வினா நம்மை முசஃபாவுக்கு அழைத்து வருகிறது.

மீண்டும் முசஃபாவில்

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாழும் தமிழர் ஏறத்தாழ அனைவரும் அயல்நாட்டுக் குடிகள். அவர்களுக்கு அங்கு வாக்கில்லை. நலச்சங்கங்கள் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். அரசியலில் தலையிடலாகாது என்பது சட்டம். இவ்வெல்லைக்குள் குடிமை உரையாடல் என்று ஒன்று உண்டா என ஐயுறுவோர் உளர். வாக்கில்லாத இளைஞரே 1924இல் அவை கூட்டினர் என்பதே அந்த ஐயத்துக்கு யாழ்ப்பாணம் தரும் முதல் விடை. ஆனால் இரு நிலைகளும் ஒன்றல்ல. அவர்கள் தம் மண்ணில் நின்று ஆட்சியுரிமை கேட்டவர்கள். இவர்கள் பிறர் மண்ணில் விருந்தினர். ஆகவே ஒப்புமையை அவையின் நடைமுறையோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

அதற்கு இந்நாட்டின் கல்வி அமைப்பு இடம் தருகிறது. 2017இல் அரசுப் பள்ளிகளோடு தனியார் பள்ளிகளிலும் ஒழுக்கக் கல்வி என்னும் பாடம் புகுத்தப்பட்டது. நற்பண்பு, தனிமனிதரும் சமூகமும், பண்பாடு ஆகியவற்றோடு குடிமையியலும் அதன் நான்கு தூண்களுள் ஒன்று. இந்தியப் பாடத்திட்டப் பிள்ளைகளும் இதனைப் படிக்கின்றனர். இம்மண்ணுக்கே உரிய மஜ்லிஸ் மரபும் உண்டு. அமீரகம், சவூதி அரேபியா, ஓமான், கத்தார் ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து முன்வைத்து, 2015இல் யுனெஸ்கோவின் அருவ மரபுச் செல்வப் பட்டியலில் அது இடம்பெற்றது. மஜ்லிஸில் மேடை இல்லை. சுவரை ஒட்டி விரிப்பும் திண்டும், காப்பி சுற்றிவரும், ஊர்ப் பொருளும் வழக்கும் பேசப்படும். மூத்தோருக்கு முதன்மை உண்டு, உண்மைதான். ஆயினும் எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்த்திருப்பர். நம் திண்ணையையும் ஊர்மன்றத்தையும் அறிந்தவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. விழா மண்டபத்தின் ஒளிவிளக்கையும் ஒலிவாங்கியையும் விட்டுவிட்டுத் தமிழ் வகுப்பை இவ்வாறு வட்டமாக அமர்த்துவதற்குச் செலவு எதுவும் இல்லை.

பேசுபொருளே அடுத்த தடை. தாயா தாரமா, பணமா பாசமா என்னும் தலைப்புகளுக்கு விடை முன்னரே தெரியும். பிள்ளைகள் வாழ்வில் விடை தெரியாத பொருள்கள் ஏராளம். வார விடுமுறை 2022 சனவரியில் சனி, ஞாயிறு என மாறியபோது, வெள்ளியை நம்பியிருந்த தமிழ் வகுப்புகளை எந்நாளுக்கு மாற்றுவது என்பது பெரியவர் மட்டுமே முடிவு செய்த ஒன்று. வகுப்பில் அமரப்போகிறவரைக் கேட்டு, முன்மொழிந்து, திருத்தி, வாக்கெடுத்து முடிவு செய்திருக்கலாம். நோன்பு மாதத்தில் நோன்பிருக்கும் தோழர்முன் உணவுப் பெட்டியைத் திறப்பதா என்பதும் அத்தகையதே. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை கூடாது என்னும் விதியை இந்நாட்டார் எல்லோரும் அறிவர். அவ்விதி ஏன் வந்தது, அதனைக் கண்காணிப்பது யார், தந்தையின் பணியிடத்தில் அது எங்ஙனம் நடைபெறுகிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழில் பேசினால், அதில் சட்டத்துக்கு முரணானது எதுவும் இல்லை, நடுவரும் தேவையில்லை.

இங்கும் இறுதியில் வாங்கு வந்து நிற்கிறது. குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ளக் குறைந்தது 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு முதலான விதி. அதற்குக் கீழே ஊதியம் பெறும் தமிழ்த் தொழிலாளியின் பிள்ளை முசஃபாவில் இல்லை. இராமநாதபுரத்திலோ அரியலூரிலோ படிக்கிறது. அவரோ ஷாபியாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் தங்குமிடத்தில் இருக்கிறார். தமிழ் விழாவுக்கு வந்தால் பின்வரிசையில் நிற்கிறார். முன்வரிசை நன்கொடையாளருக்கும் விருந்தினருக்கும் ஒதுக்கப்பட்டது. நண்பகல் வெயிலைப் பற்றி அந்த மண்டபத்தில் அவரளவு அறிந்தவர் எவருமில்லை. வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்று அவரை அழைத்து, பிள்ளைகளின் வட்டத்தில் ஒரு நாற்காலி இட்டு, அவர் பேசக் கேட்டு, பின் அவரையும் கேள்வி கேட்க விடுமானால், அந்த வகுப்பில் முதலில் எழும் வினா எதுவாக இருக்கும் என்பதை எந்தப் பெற்றோராலும் முன்கூட்டி எழுதித் தர முடியாது.